அம்மியில் ஏறிய சப்பாத்து

போன மாதம் எங்கள் வீட்டில் மூன்று நாட்களாகச் சம்பல் இல்லை.

சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மூன்று நாள் சம்பல் இல்லையென்றால் என்ன அர்த்தம்? ஒன்று, வீட்டுக்காரி ஊரில் இல்லை. அல்லது வீட்டில் பெரிய சண்டை. எங்கள் வீட்டில் வீட்டுக்காரி இருந்தாள். சண்டையும் இருந்தது.

காரணம் நான்தான். அம்மியில் ஏறி நின்றேன். சப்பாத்துக் காலோடு.

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மகள் ஜெஸீமாவை நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். மூன்று பெண்பிள்ளைகளில் கடைசி. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். படிப்பது புவிச்சரிதவியல். அதாவது கல்லைப் பற்றிய படிப்பு.

“டொக்டருக்கும் இல்ல, டீச்சருக்கும் இல்ல... கல்லுப் பொறுக்கவா மாஸ்டர் புள்ளய இவ்வளவு தூரம் அனுப்பி இரிக்கீங்க?” என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. நானும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே பாதிப் புவிச்சரிதவியல்காரனாகிவிட்டேன். விளக்கம் சொல்வது வேறு. பிள்ளை கல்லின் மேல் ஏறப்போகிறாள் என்று கடிதம் வருவது வேறு.

கடிதம் வந்தது.

விடுமுறை முடியும் கிழமையில் களப்பயணமாம். அம்பாறைக்கு அப்பால் ஒரு மலை. அரை நாள் காட்டில் நடக்க வேண்டும். பிறகு மொட்டைப் பாறையில் ஏற வேண்டும். ‘நடக்கவும் ஏறவும் ஒரே சப்பாத்துத்தான் வாப்பா. நம்பர் அஞ்சு. இறுக்கமா இருக்கணும்’ என்று எழுதி, ‘இறுக்கமா’வின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். கடைசி வரியில், போகாவிட்டால் அந்தப் பாடத்தில் சித்தியடைய முடியாது என்றும் இருந்தது.

நான் கோடு போட்ட சொல்லைக் கவனிக்கவில்லை. ‘மொட்டைப் பாறை’யிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர் எப்படிப்பட்டது? மணல். வாசலில் மணல், ஒழுங்கையில் மணல், கடற்கரையில் மணல், சோற்றுக் கோப்பையிலும் சில நாட்களில் மணல். மேற்கே வயல் வட்டைக்குப் போனால் சேறு. கல் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் குசினிக்குத்தான் போக வேண்டும். காலையில் வயல் வரம்பில் நின்று மேற்கே பார்த்தால், தூரத்தில் அந்த மலைகள் நீலமாகத் தெரியும். ஐம்பது வயது வரையும் அவற்றை வானத்தின் ஒரு பகுதி என்றே நினைத்து வந்திருக்கிறேன். வானத்தில் யாராவது பெண்பிள்ளையை ஏற விடுவார்களா?

பதில் எழுதினேன். ‘பொருத்தமான சப்பாத்துக் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் இல்லை.’

எவ்வளவு நியாயமான வாப்பா! ஆனால் உள்ளுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? கல்முனையில் எங்கே கிடைக்கப்போகிறது!

மறுநாள் கல்முனைக் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு சப்பாத்துக் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாறையில ஏறவா? எந்தப் பாறையில மாஸ்டர்? நான் பொறந்த நாள்ல இருந்து கல்முனையிலதான் இரிக்கன். மீன் வாடியில கெடக்கிற ஐஸ் கட்டிதான் நான் கண்ட பெரிய பாறை.”

“அப்ப உங்கட்ட அப்பிடிச் சப்பாத்து இல்ல?” என்றேன். குரலில் சந்தோஷம் தெரிந்திருக்க வேண்டும்.

“இல்லையென்டு ஆர் சொன்ன?”

வியாபாரி வியாபாரிதான். மூன்று சோடியை எடுத்துப் பரப்பினார். முதலாவது, கந்தோர் வேலைக்குப் போடும் தோல் சப்பாத்து. அடி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. இரண்டாவது, வயலுக்குப் போடும் முழங்கால் பூட்ஸ். மூன்றாவது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்குப் போடும் கன்வஸ்.

“கன்வஸ எடுங்க. இதுட அடி மொத்தம். அத உரிச்சுப் போட்டு, கிறேப் றப்பர் ஒட்டித் தாறன். பால் றப்பர், பசை மாதிரி. கல்லுல வச்சா கல்லே கூட வரும்.”

கையில் ஒரு துண்டு கிறேப்பைத் தந்தார். விரலால் அழுத்தினேன். விரலை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டது. எனக்குக் கவலையாகிவிட்டது. இது சரியான சப்பாத்துப்போல் இருக்கிறதே!

“நம்பர்?”

“அஞ்சு.”

“ஆறு எடுங்க மாஸ்டர்.”

“மகள் அஞ்சு என்டுதான்...”

“புள்ளைகளுக்கு என்ன தெரியும்? மணல் போனா தட்டிப்போட்டுப் போடணும். லுஹர் தொழுகைக்குக் கழட்டணும், அஸருக்குக் கழட்டணும். ஒவ்வொருக்கா குந்தி இரிந்து லேஸ் அவுக்கவா? ஆறு எண்டா கால உதறினாப் போதும், கழண்டு போகும்.”

இதில் நான் என்ன மறுத்துப் பேசுவது? எங்கள் ஊரில் நல்ல காலணிக்கு இலக்கணமே அதுதானே. குனியக் கூடாது. கை வைக்கக் கூடாது. பள்ளிவாசல் படியில் நடக்கிற நடையிலேயே ஒரு உதறல்... செருப்பு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். அப்படிக் கழன்றால் அது நல்ல செருப்பு. நானே எட்டாம் நம்பர் காலுக்கு ஒன்பது போடுகிறவன். என் வாப்பாவும் அப்படித்தான்.

ஆறாம் நம்பரை எடுத்தேன். அடி ஒட்டி வாங்கி வந்தேன்.

ஜெஸீமா லீவில் வந்து போட்டுப் பார்த்தாள். நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் குதி மேலே எழும்பிக் கீழே விழுந்தது. முகம் சுருங்கியது.

“வாப்பா, இது ஆறு.”

“காத்துப் போகும் மகள். நல்லது.”

“பாறையில காத்து என்னத்துக்கு வாப்பா? கால் ஒரு பக்கம் போகும், சப்பாத்து ஒரு பக்கம் போகும். விரல் முன்னுக்கு முட்டணும். அடியில கல்லு இரிக்கிறது காலுக்குத் தெரியணும்.”

“நீ பாறையில ஏறி இரிக்கியா?”

“இல்ல.”

“நானும் இல்ல. அப்ப ரெண்டு பேரும் ஒண்டுதான்.”

கணிதம் படிப்பிக்கிறவன் இப்படிப் பேசலாமா? பேசினேன்.

ஆனால் ஒரு விஷயம் அரித்தது. கிறேப் உண்மையிலேயே பிடிக்குமா? முதலில் கடற்கரையில் கொண்டுபோய்ச் சோதித்தேன். மணலில் எல்லாச் சப்பாத்தும் ஒன்றுதான். பாறை வேண்டும். பாறைக்கு எங்கே போவது?

குசினியில் இருந்தது.

மனைவி ஹபீபா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். குழவியை இறக்கி வைத்தேன். அம்மியின் ஒரு தலையைத் தூக்கி, அடியில் மரக்குற்றி ஒன்றை வைத்து, சுவரோடு சாய்த்தேன். ஓட்டுக் கூரையின் சாய்வு வந்தது. முதலில் சப்பாத்தைக் கையில் மாட்டி அழுத்தி இழுத்தேன். அசையவில்லை. பிறகு என் காலை நுழைத்தேன். பெண்பிள்ளையின் ஆறாம் நம்பருக்குள் எட்டாம் நம்பர் கால். பாதிதான் போனது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நுனிக்காலில் அம்மியில் ஏறினேன். நின்றேன்.

வழுக்கவில்லை.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்தில் ஒரு நல்ல வாப்பா என்ன செய்வான்? அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி இறங்குவான். நான் என்ன செய்தேன்? பக்கத்துக் குடத்திலிருந்து ஒரு கோப்பை தண்ணீரை அம்மியில் ஊற்றினேன். ஏன்? வழுக்க வேண்டும் என்று. வழுக்கினால் பயணம் இல்லை. பிள்ளை வீட்டில்.

வழுக்கியது.

சத்தம் கேட்டு ஹபீபாவும் ஜெஸீமாவும் ஓடி வந்தார்கள். நான் தரையில். அம்மி ஒரு பக்கம், மரக்குற்றி ஒரு பக்கம். காலில் இன்னும் அந்தக் கன்வஸ்.

ஹபீபா முதலில் என்னைப் பார்க்கவில்லை. அம்மியைத்தான் பார்த்தாள்.

“சப்பாத்துக் காலோட... என்ட அம்மியிலயா?”

“சோதிச்சுப் பாத்தன்...”

“என்னத்த?”

“வழுக்குதா என்டு. பாத்தியா, வழுக்குது!” என்றேன் வெற்றியோடு. இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான்.

“வழுக்கினது சப்பாத்தா, நீங்களா?”

ஜெஸீமா ஈர அம்மியைத் தடவினாள். என்னைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“மழை பெஞ்சா நாங்க ஏறவே மாட்டம் வாப்பா” என்று மட்டும் சொன்னாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் படுக்கை. குசினியில் ஹபீபா அம்மியைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எண்ணினேன். ஏழு தரம். அதில் ஒரு தரம் மண் போட்டு. நாய் வாய் வைத்த பாத்திரத்துக்குத்தான் நாங்கள் அப்படிச் செய்வோம். அந்தக் கணக்கில் என் தரம் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. கழுவிய அம்மியை வெயிலில் காய வைத்தாள். மூன்று நாள் சம்பல் இல்லாத கதை இதுதான்.

போகும் நாள் வந்தது. மழை இல்லை. ஒரு துளி இல்லை. வானம் கழுவித் துடைத்த கோப்பை மாதிரி.

பிள்ளையைத் தனியே அனுப்ப முடியுமா? “அம்பாறை மட்டும் வாறன்” என்று முதல் பஸ்ஸில் ஏறினேன். அம்பாறையில் பல்கலைக்கழக பஸ் நின்றது. “மலையடி மட்டும் வாறன்” என்று அதிலும் ஏறினேன். இருபது பிள்ளைகள், ஒரு விரிவுரையாளர். கண்டிப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கொஞ்சம் தமிழ் கதைப்பார். பிள்ளைகள் ‘மிஸ்’ என்றார்கள். பஸ்ஸிலேயே என்னைப் புரிந்துகொண்டார்.

“அங்கிள், பயம் வேணாம்.”

“பயமா? எனக்கா?” என்றேன். கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது.

மூன்று மணித்தியாலம் காட்டு வழி. மரங்கள் விலகின... பாறை. அப்பப்பா! சாம்பல் நிறத்தில் ஒரு யானை வானம் வரைக்கும் படுத்துக் கிடந்த மாதிரி. பிடிக்க ஒரு செடி இல்லை. ஒரு மடிப்பு இல்லை. பார்த்ததும் என் இடுப்பில் அம்மியிலிருந்து விழுந்து அடிபட்ட இடம் வலித்தது.

மிஸ் எல்லாரையும் வரிசையாக இருத்தினார். ஒவ்வொரு பிள்ளையின் குதியையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். இரண்டாவதாக இருந்த மாணவனின் சப்பாத்து லேசாகக் கழன்று வந்தது.

“லூஸ். நீ ஏற இல்ல. கீழ இரிந்து மெப் வரை.”

ஆறாம் நம்பர்! இதோ, என் பிள்ளையையும் நிறுத்தப்போகிறார். அம்மியால் முடியாததை மிஸ் முடிக்கப்போகிறார். சந்தோஷப்பட வேண்டியவன்தானே நான்? ஆனால் ஜெஸீமாவின் முகத்தைப் பார்த்தேன். பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெருநாள் உடுப்பைப் பார்க்கிற அதே கண். கீழே இருந்து வரைபடம் வரைந்தால் பாடம் என்னவாகும்? அதுவும் யாரால்? காத்துப் போகும் என்று சொன்ன வாப்பாவால்.

யா அல்லாஹ், கழன்றுவிடக் கூடாது என்று கேட்டேன். மூன்று கிழமையாக நான் கேட்டதற்கு நேர் எதிரான துஆ. மேலே குழம்பிப் போயிருப்பார்கள்.

மிஸ் குதியைப் பிடித்தார். இழுத்தார். மீண்டும் இழுத்தார்.

“வெரி குட்.”

எனக்கு விளங்கவில்லை. “எப்பிடி மகள்? அது ஆறு...”

“இது அஞ்சு வாப்பா.” அவள் லேஸை விரல் பக்கமிருந்து ஒவ்வொரு கண்ணாக இறுக்கிக்கொண்டே சொன்னாள். “நீங்க அம்மியால விழுந்து படுத்திரிந்த அண்டைக்கு உம்மா கடைக்குப் போய் அஞ்சு எடுத்து, அடி ஒட்டுவிச்சுக் கொண்டு வந்தா.”

“உம்மாவா! அப்ப அந்த ஆறு?”

“அது உம்மாட காலுக்குக் கணக்கு. அவவே வச்சிக்கிட்டா.”

வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு அரசாங்கம் நடக்கிறது என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

ஏறத் தொடங்கினார்கள். பாறையின் முதல் தோள் வரைக்கும் நானும் வருகிறேன் என்றேன். சாய்வு குறைவான பகுதிதான், சரி என்றார் மிஸ். எல்லாருடைய குதியையும் இழுத்துப் பார்த்தவர், என் காலை மட்டும் பார்க்கவில்லை. மரியாதையாக இருக்கலாம். நானும் பார்க்கவில்லை. மூன்று கிழமை சப்பாத்தைப் பற்றியே நினைத்தவன், என் காலில் கிடந்தது என்ன என்று ஒரு நொடி நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போடும் தோல் செருப்பு. ஒன்பதாம் நம்பர்.

ஐம்பது அடி ஏறியிருப்பேன். இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். அவ்வளவுதான். பள்ளிவாசல் படியில் எப்படிக் கழலுமோ அப்படியே, அவ்வளவு பண்பாக, அவ்வளவு லேசாக... செருப்பு கழன்றது. டக்... டக்... டக்... அது போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடியவே இல்லை.

நான் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அப்படியே பாறையோடு பல்லியாக ஒட்டினேன். வாயில் கலிமா வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

“வாப்பா! அசையாதீங்க!”

ஜெஸீமா மேலேயிருந்து இறங்கி வந்தாள். ஓடவில்லை. ஒவ்வொரு அடியாக, பாதம் முழுவதையும் பாறையில் பதித்து. என் காலுக்குக் கீழே வந்து நின்றாள். தன் பாதத்தைப் பாறையில் குறுக்கே வைத்தாள்.

“என்ட சப்பாத்துக்கு மேல கால வைங்க.”

“நீ வழுக்கிருவாய் மகள்!”

“வழுக்காது. வைங்க.”

வைத்தேன். என் வெறுங்கால் அவளுடைய சப்பாத்தின் மேல். கிறேப் அடி. கல்முனைக் கடையில் ஒட்டியது. வழுக்க வேண்டும் என்று நான் தண்ணீர் ஊற்றிய அதே சாதி றப்பர். அசையவில்லை. ஒரு நூல் அசையவில்லை. எங்கள் இருவரின் பாரமும் அதன் மேல்.

“இப்ப மத்தச் செருப்பையும் கழட்டுங்க.”

உதறினேன். இந்த ஒன்றிலாவது எனக்குப் பயிற்சி இருந்தது. டக்... டக்... டக்.

“குந்தாதீங்க வாப்பா. பாறையோட சாயவும் வேணாம். சாஞ்சாத்தான் வழுக்கும். தொழுகைக்கு நிக்கிற மாதிரி நேரா நில்லுங்க.”

“ஏறவா, இறங்கவா?”

“ஏறுறதுதான் லேசு.”

ஏறினேன். வெறுங்காலோடு. சுடுமணலில் ஐம்பது வருடம் தேய்ந்த கால் இது. பாறை அதை ஏற்றுக்கொண்டது. எனக்குப் பின்னால் ஒரு அடி கீழே அவள். நடை பழகின நாட்களில் நான் அவளுக்குப் பின்னால் அப்படித்தான் போவேன், விழுந்தால் பிடிக்க. ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தோம்.

முதல் தோளில் போய் இருந்தேன். தாடிகூட நடுங்கியது. பிறகு தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்தேன். காடு. அதற்கப்பால் வயல், பச்சைப் பாயாக. அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடு.

“அது என்ன மகள்?”

“கடல் வாப்பா. எங்கட ஊர்.”

ஐம்பது வருடமாக அங்கிருந்து இங்கே பார்த்து வந்தவன், முதல் தடவையாக இங்கிருந்து அங்கே பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அந்த வெள்ளிக் கோட்டின் ஓரத்தில் எங்கேயோ ஒரு குசினியில், ஏழு தரம் கழுவிய அம்மியில் ஹபீபா சம்பல் அரைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இன்னும் சிரித்தேன். மிஸ் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வெயில் அடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பிள்ளைகள் உச்சிக்குப் போய்த் திரும்பும் வரை அங்கேயே இருந்தேன். ஜெஸீமா உச்சியில் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன். ஒரு கையால்தான். மற்றக் கை பாறையைப் பிடித்திருந்தது.

இறக்கம் பற்றிக் கேட்காதீர்கள். இருந்தபடியே இறங்கினேன். செருப்பு இரண்டும் அடிவாரத்தில் சோடியாகக் கிடந்தன, யாரோ பள்ளிவாசல் வாசலில் கழற்றி வைத்த மாதிரி. நீளக் காற்சட்டையின் பின்பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

வீட்டில் ஹபீபா காற்சட்டையைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். புட்டோடு சம்பல் வைத்தாள். ஒரு கோப்பை கூடவே சாப்பிட்டேன்.

பிள்ளைகள் விழக் கூடாது என்றுதான் நாம் பயப்படுகிறோம். சரிதான். ஆனால் பயப்படுகிறவர்களே, உங்கள் காலிலும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஜெஸீமாவின் கடிதம் வந்தது. பாடத்தில் நல்ல புள்ளி. பிறகு ஒரு வரி: ‘வாப்பா, அடுத்த மலை கொஞ்சம் பெரிசு. வீட்டு ஆட்களும் வரலாம் என்று மிஸ் சொல்கிறார். உம்மாவிடம் சப்பாத்து இருக்கிறது. உங்கள் நம்பர் என்ன?’

எட்டு என்று எழுதிப் போட்டேன். கீழே இரண்டு கோடும் போட்டேன்.